ஆறாத இரண்டு லிட்டர்

மின்நிலையத்தின் நிலக்கரிப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்குச் சூடான இரண்டு லிட்டர் தண்ணீர் இன்றுவரை ஆறவில்லை. நாற்பத்தொன்று புள்ளி ஆறு டிகிரி. ஒன்பது வருடம் ஆகிறது. அந்த வருடம் மின்நிலையத்துக்குக் கரி ஈரமாக வந்தது, கான்டீனில் டீ விலை இரண்டு முறை ஏறியது, வேறு விசேஷம் இல்லை.

அங்கே கரியை எரித்துச் சூடு பார்ப்பவரை எல்லோரும் 'ஒரு கிராம்' என்றுதான் கூப்பிட்டார்கள். லாரி லாரியாக வந்து இறங்குகிற கரியில் ஒரே ஒரு கிராமை எடுத்துத் தூளாக்கி, வில்லையாக அழுத்தி, கெட்டியான எஃகுக் குண்டுக்குள் வைத்து மூடி, ஆக்சிஜன் ஏற்றி, அந்தக் குண்டை வாளித் தண்ணீரில் இறக்கி சுவிட்சைப் போடுவார். பாம் கலோரிமீட்டர் என்று பெயர். பெயரில்தான் வெடியெல்லாம், உள்ளே கரி எரிகிற சத்தம்கூட வெளியே கேட்காது. தண்ணீர் இரண்டு மூன்று டிகிரி ஏறும். ஏறியதை எழுதிவிட்டு, நிமிடத்துக்கு ஒருமுறை அது இறங்குவதையும் எழுதினால்தான் சோதனை முடிந்ததாகக் கணக்கு. ஒரு நாளைக்கு எட்டு சோதனை, இருபத்திரண்டு வருடம். அலுக்காமல் என்ன செய்யும்?

மின்கம்பியின் சூடு வில்லையைப் பற்றவைக்க இடையில் சிறு பருத்தி நூல் ஒன்றைக் கட்டுவார்கள். நூலும் எரியும் என்பதால் கடைசியில் அதற்கென்று ஒரு சின்ன எண்ணைக் கழித்துவிடுவார்கள். அன்று நூல்கண்டு தீர்ந்திருந்தது. ஸ்டோர் வரை நடந்து, மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிவர அவருக்கு உடம்பு வணங்கவில்லை. சட்டைப் பொத்தானில் தொங்கிய நூல் நுனியை அறுத்துக் கட்டிவிட்டார். எல்லாம் பருத்திதானே என்று நினைத்தார், பாவம்.

அன்று காலைதான் அவர் மனைவி அந்தப் பொத்தானைத் தைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் கிடக்கிற தன் தங்கையைப் பார்க்க ஒருநாள் லீவு போடச் சொல்லி மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். அன்றும் "அடுத்த வாரம் பாக்கலாம்" என்று பதில் வந்ததும், ஊசியை நறுக் நறுக்கென்று குத்தித் தைத்து, நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார். கூடத்தில் சுவிட்ச் போட்ட அதே நிமிடம், வீட்டில் பாத்திரங்களோடு சேர்த்துப் புருஷனையும் திட்டிக்கொண்டிருந்தவர் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டார். மீதி என்னவென்று அவருக்கே நினைவில்லை. கைகள் இரண்டும் சில்லிட்டுப் போயின.

முதல் வாரம் ஒரு கிராமுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். வீட்டுக்குத் தாமதமாகப் போனால் மனைவியிடமிருந்து "பரவாயில்லங்க", மருந்து வாங்க மறந்தால் "பரவாயில்லங்க". தங்கையைப் பார்க்க மனைவி தனியாகவே பஸ் ஏறிப் போய்வந்தார். தங்கை பிழைத்துக்கொண்டாள். ஆனால் மனைவியின் கையை எப்போது தொட்டாலும் குழாய்த் தண்ணீராகச் சில்லென்று இருந்தது. டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். அதற்குப் பிறகுதான் ஒரு கிராமுக்குப் பயம் வந்தது. திட்டு வாங்காத வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

கூடத்திலோ வேறு தலைவலி. வழக்கத்தை மீறி நாற்பத்தொன்று புள்ளி ஆறுக்கு ஏறிய வெப்பமானி இறங்க மறுத்ததால் சோதனையை முடிக்க வழியில்லை. மேலாளர் வாளியில் பனிக்கட்டி கொட்டச் சொன்னார். பனிக்கட்டி கரைந்தது, தண்ணீர் கூடவுமில்லை, குளிரவுமில்லை. கம்பி, கரி, ஆக்சிஜன் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து ஓய்ந்த பிறகு, மனைவி தைத்த சட்டை நூல் விஷயத்தையும், அன்றிலிருந்து அவர் கை சில்லிட்டுக் கிடப்பதையும் ஒரு கிராம் மென்று விழுங்கி ஒத்துக்கொண்டார். மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, வீட்டம்மாவை ஒருநாள் கூட்டிவரச் சொன்னார்.

மனைவி வந்தார். புடவைத் தலைப்பை ஒதுக்கிக்கொண்டு மணிக்கட்டு வரை வாளியில் கையை விட்டார். கன்னம் சிவந்தது, மூச்சு வாங்கியது, உதடு துடித்தது. ஒரு கிராம் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

"எடுத்துக்கோம்மா. உன்னோடதுதான். பழையபடி நாலு வார்த்தை திட்டு, கேட்டுக்கிறேன்."

"திட்டினா எங்கூட வந்துடப் போறீங்களா?" என்றார் மனைவி. கையை வெளியே எடுத்து நிதானமாகத் துடைத்தார். "இருபத்திரண்டு வருஷம் இதைத் தூக்கிக்கிட்டே நடந்தேங்க. கை ஓய்ஞ்சு போச்சு. இங்கயே இருக்கட்டும்."

சொன்னதில் வருத்தம்கூட இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார். அடுத்த மாதம் ஒரு கிராம் சேர்ந்திருந்த லீவு மொத்தத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு, எங்கே போகலாம் என்று வீட்டில் கேட்டார். எங்கேயும் வேண்டாம் என்று அமைதியாகப் பதில் வந்தது. நான்கு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்.

மேலிடம் புதிய கருவி ஒன்றை வாங்கித் தந்தது. பதிவேட்டில் பழைய சோதனைக்கு நேராக 'நடப்பில் உள்ளது' என்று எழுதி, வருடத்துக்கு ஒருமுறை மேலாளர் சுருக்கொப்பம் போடுகிறார். குளிர்ந்த நாட்களில் மற்றவர்கள் அந்த வாளியில்தான் சாப்பாட்டு டப்பாவைச் சூடாக்குகிறார்கள். எல்லோரும் போன பிறகு ஒரு கிராம் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, இரண்டு கையையும் அதில் விட்டுக்கொண்டு பத்து நிமிடம் நிற்பார். சுள்ளென்று இருக்கும். அப்புறம் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்.