ரெய்னோவின் துப்பாக்கி

என் தங்கை புருஷன் ரெய்னோவும் நானும் ஒரே நாளில், ஒரே மரப்பெட்டியிலிருந்துதான் ஆளுக்கொரு பழைய ராணுவத் துப்பாக்கி எடுத்தோம். யுத்தம் முடிந்து கழித்துக்கட்டிய சரக்கு. இரண்டும் உலக்கைக் கனம், இரண்டிலும் பிசுபிசுவென்று கிரீஸ். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவனுக்கு நல்லது கிடைத்தது, எனக்கு மட்டமானது கிடைத்தது என்று யாரும் நினைக்கக் கூடாது.

முதல் குளிர்காலம் அவன் முன்பக்கக் கட்டையை அறுத்துக் குறைத்தான். அடுத்த வருடம் பழைய குறிமுள்ளை அராவி எடுத்து, குழலுக்குப் புதுக் கறுப்பு ஏற்றினான். மூன்றாம் வருடம் அந்தக் கட்டையையே தூக்கிப் போட்டுவிட்டு வால்நட் மரத்தில் புதிதாகச் செதுக்கினான். நான்காம் வருடம் மேலே தொலைநோக்கி ஏறியது. என்னுடையது வாங்கியபடியே கிடந்தது. இரும்புச் சுரங்கத்தில் மாரடித்துவிட்டு வருகிறவனுக்கு நேரமேது? அவனும் அதே சுரங்கம்தான், அது வேறு கதை.

வயிறு எரிந்தது. மறைப்பானேன்? மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாள், எங்கள் வேட்டைக் குடிலில் என் அப்பா யால்மர் ரெய்னோவின் துப்பாக்கியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார்.

"வேலைன்னா இது வேலை! ஒன்னி, நீயும் வச்சிருக்கியேடா, வேலிக்கம்பு மாதிரி!" என்று என் பக்கம் திரும்பினார்.

எனக்கு நாற்பது வயது. ஒரு தடவைகூட அவர் எனக்கு சபாஷ் சொன்னதில்லை. பெற்ற பிள்ளை நான் இருக்க, எல்லாம் மருமகனுக்கே போனது.

மத்தியானம் தகரத்தட்டைச் சுட்டுக் குறி சரிபார்த்தோம். அதற்குப் பிறகு யாரும் சுடக் கூடாது, மான் மிரண்டுவிடும். அவர்கள் இருவரும் நீராவிக் குளியலுக்கு சவுனா அறைக்குள் போனதும், ரெய்னோவின் தொலைநோக்கித் திருகுகளை அரைச் சுற்றுத் தளர்த்தினேன். எங்கள் குடில் வழக்கப்படி, மானைக் குறி தவறியவன் சட்டையின் பின்முனையை அப்பா கத்தரித்து, பெயர் எழுதிக் குடில் சுவரில் ஆணியடிப்பார். ரெய்னோவின் துண்டு அங்கே தொங்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

விடிகாலைக் காபியோடு அவன் துப்பாக்கியை என் கையில் திணித்தான்.

"இன்னிக்கு நீ எடுத்துட்டுப் போ மச்சான். நாலு வருஷமா நீ இதப் பாக்குறத நானும் பாக்குறேன்ல?"

"வேணாம்பா. உன்கிட்டயே இருக்கட்டும்."

"ரொம்பத்தான் பிகு பண்ற! பிடி."

"ஆசையாக் குடுக்குறான், வாங்கிக்கடா!" என்று அப்பா அதட்டினார். அதோடு விட்டாரா? என் கூடவே பனியில் நடந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தும்விட்டார். திருகில் நான் எப்படிக் கை வைப்பது?

பத்துக் கிளைக் கொம்போடு ஒரு கிடா மான் வந்தது. எழுபதடி இருக்காது.

"இதை விட்டா உனக்கு ஜென்மத்துக்கும் கிடைக்காது" என்று அப்பா கிசுகிசுத்தார்.

சுட்டேன். பக்கத்து மரத்தின் பட்டை பறந்தது. கிடா போயே போய்விட்டது.

குடிலில் அப்பா கத்தரியை எடுத்தார். ரெய்னோ துப்பாக்கியை வாங்கித் தொலைநோக்கியை ஆட்டிப் பார்த்தான். லொடலொடத்தது. அவன் முகம் செத்துவிட்டது.

"மாமா, நிறுத்துங்க. மச்சான் மேல தப்பில்ல. நான்தான் திருகைச் சரியா முறுக்கல. என் சட்டைய வெட்டுங்க."

சட்டையை வெளியே இழுத்துவிட்டு முதுகைக் காட்டி நின்றான். நான் வாயைத் திறக்கவில்லை.

அப்பா கத்தரித்தார். பிறகு அவன் தோளைத் தட்டி, "மனுஷன்னா இவன் மனுஷன்! சபாஷ் மாப்ள!" என்றார்.

நான் ஆசைப்பட்டபடியே அந்தத் துண்டு சுவரில் தொங்குகிறது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைக் காட்டித்தான் அப்பா அவன் பெருமை பேசுகிறார். அந்தக் கந்தல் துணியைப் பார்த்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.