காலி வீட்டு ஸ்பீக்கர்கள்

பல்கேரியாவில் எங்கள் விதின் ஊரில் இன்னும் மிச்சமிருப்பவர்களைப் பார்த்தால் வெளியூர்க்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "நீ ஏன் இன்னும் போகல?" என்பதுதான். மற்றவர்கள் அப்பா அம்மாவைச் சொல்வார்கள், வீட்டைச் சொல்வார்கள், வயதைச் சொல்வார்கள். நான் என்ன சொல்ல? என் புருஷன் ஸ்பீக்கர் மாட்டிக்கொண்டிருக்கிறான், அது முடிந்ததும் போவோம் என்று சொன்னால் சிரிப்பார்கள். போன குளிர்காலம் முழுக்க எனக்குக் கிடைத்த பதில் அதுதான்.

எங்கள் அடுக்குமாடிக் கட்டடம் கான்கிரீட் பலகைகளை நிறுத்தி வைத்துக் கட்டியது. ஒரு வீட்டில் கரண்டி விழுந்தால் எல்லா மாடியிலும் கேட்கும். முன்பெல்லாம் யாராவது சத்தமாகப் பாட்டு வைத்தால் கீழ்வீட்டுக்காரர்கள் கணப்புக் குழாயைக் கரண்டியால் தட்டுவார்கள், சத்தம் கூரைவரை ஏறும். இப்போது தட்ட ஆளில்லை. கட்டடத்தில் எங்கள் படிக்கட்டைச் சேர்ந்த வீடுகளில் ஆள் இருப்பது எங்களுடையதில் மட்டும்தான். மற்றவர்கள் ஸ்பெயினில், இத்தாலியில், ஜெர்மனியில் இருக்கிறார்கள். அவர்களுடைய சாவிகள் எங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகின்றன.

சாவி என்றால் சும்மா சாவி இல்லை. உறைபனி வந்தால் ஒவ்வொரு வீடாகப் போய்க் குழாயைக் கொஞ்சம் திறந்து விட வேண்டும். தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கூரை ஒழுகினால் வாளி வைக்க வேண்டும். தபால் பெட்டியில் வருவதை எடுத்துப் படித்து, முக்கியமானதாக இருந்தால் போன் பண்ணிச் சொல்ல வேண்டும். ஒவ்வொருத்தரும் போகும்போது ஒரு சாக்லேட் பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டு வீட்டை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள். சாக்லேட் அன்றைக்கே தீர்ந்துவிட்டது.

என் தோழி ரோசிட்சா ஜெர்மனியில் உல்ம் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சலவைப் பகுதியைப் பார்க்கிறாள். இலையுதிர் காலத்தில் போன் பண்ணினாள். அங்கே எனக்கு வேலை இருக்கிறது, என் புருஷன் யாசெனுக்கும் அதே இல்லத்தில் பராமரிப்பு வேலை இருக்கிறது, தங்க ஓர் அறையும் தருவார்கள், வசந்தத்தில் வந்து சேர வேண்டும் என்றாள். பள்ளிக்கூடச் சமையலறையில் பீன்ஸ் சூப் கிண்டிக்கொண்டிருந்த எனக்குக் காலே தரையில் படவில்லை. யாசென் நகராட்சி லாரி ஓட்டுகிறான், நல்ல மனுஷன், குடியும் அளவோடுதான். ஆனால் எதையும் இல்லை என்று சொல்ல மாட்டான், பூசி மெழுகுவான்.

"போலாம் போலாம். ஆனா சாவியெல்லாம் யாருகிட்ட குடுக்கறது?" என்றான்.

"அவங்கவங்க சாவிய அவங்கவங்ககிட்டயே குடு."

"பாதியில விட்டுட்டுப் போன மாதிரி இருக்குமே, தெமெ."

என் பெயர் தெமெனூகா. அவன் தெமெ என்று குழைந்தால் விஷயம் தள்ளிப்போகிறது என்று அர்த்தம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனவன் ஓர் ஆம்ப்ளிஃபயரோடு வந்தான். என் அப்பா காய்ச்சிக் கொடுத்த திராட்சைச் சாராயத்தில் இரண்டு பாட்டிலை அதற்குக் கொடுத்திருக்கிறான். சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்து, சினிமாக் கொட்டகை மாதிரி நாலா பக்கமும் சத்தம் வருகிற ஆம்ப்ளிஃபயராம். ஒரு பக்கம் வேலை செய்யவில்லை. அதைப் பிரித்துப்போட்டு, ஈயம் வைத்துப் பற்றவைத்து, என் நல்ல மேஜைவிரிப்பில் ஓட்டை போட்டு, கடைசியில் பேச வைத்துவிட்டான்.

"ஒத்தக் காசு செலவில்லாம முழு செட்டும் பண்ணிக் காட்டறேன், பாரு" என்றான்.

பண்ணினான், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். பழைய அலமாரிக் கதவை அறுத்து, அடித்தொனிக்கான பெரிய ஸ்பீக்கரான வூஃபருக்குப் பெட்டி செய்தான். வயருக்கு, உடைந்த மேஜை விளக்குகளின் கம்பிகளைச் சேர்த்து முறுக்கிக்கொண்டான். பின்பக்க ஸ்பீக்கர்களை மாட்டக் கான்கிரீட்டைத் துளைக்க முடியாமல் டிரில் ஊசியை உடைத்துக்கொண்டு, திரைச்சீலைக் கம்பியிலேயே கட்டித் தொங்கவிட்டான். வூஃபர் உறுமும்போது மாமியார் விட்டுப்போன சுவரடைத்த அலமாரியில் கண்ணாடிக் கோப்பைகள் எல்லாம் கிடுகிடு என்று நடுங்கின. ஒவ்வொரு கோப்பைக்கும் அடியில் என் கம்பளிக் காலுறையை வெட்டி வைத்தான்.

பிறகு சோபா. பின்னாலிருந்து சத்தம் வர வேண்டுமென்றால் ஆளுக்குப் பின்னால் இடம் வேண்டுமாம். எங்கள் அறையில் பின்னால் என்று ஒன்று கிடையாது, சுவர்தான் இருக்கிறது. அதனால் சோபாவை அறையின் நடுவுக்கு இழுத்தான். பால்கனிக் கதவு அதில் இடித்து, ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற அளவுக்குத்தான் திறந்தது. ஈரத்துணிக் கூடையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, வயிற்றை எக்கி, அந்தச் சந்தில் நுழைந்துதான் துணி காயப்போட்டேன்.

"இத எப்ப நகத்துவ?" என்று கேட்டேன்.

"நடு எடத்துல உக்காந்து பாரு, அப்புறம் கேக்க மாட்ட."

ஸ்பீக்கர்கள் எங்கிருந்து வந்தன என்று எனக்குத் தெரிந்தது வேறு விதமாக. ஒருநாள் வேலை முடிந்து வந்தால் டிவிக்கு இரண்டு பக்கமும் மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் நிற்கின்றன. அவற்றை எனக்குத் தெரியும். இரண்டாம் மாடி கமென் அண்ணாவின் மகள் கல்யாணத்தில் அவற்றுக்கு முன்னால்தான் ஆடினோம். அடுத்த வாரம் பின்பக்கத்துக்குச் சின்னதாக இரண்டு. அவை மூன்றாம் மாடி ஸ்தான்கா அக்கா வீட்டு அலமாரி மேலே இருந்தவை, போன மாதம்தான் தூசு தட்டினேன்.

"அவங்கள கேட்டியா?" என்றேன்.

"அங்க சும்மா தூசி தின்னுட்டு கெடக்குது."

"கேட்டியான்னுதான் கேட்டேன்."

"அதெல்லாம் பாத்துக்கலாம் விடு."

விட்டேன். ஏன் விட்டேன் என்றால், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஈஸ்டருக்கு எல்லாரும் ஊருக்கு வருவார்கள். எங்கள் வீட்டுக்குள் வந்து தங்கள் ஸ்பீக்கர்களைப் பார்ப்பார்கள். நம்பிச் சாவி கொடுத்தால் வீட்டைச் சுரண்டுகிறாயா என்று யாசெனின் சட்டையைப் பிடிப்பார்கள். பெட்டியையும் சாவியையும் பிடுங்கிக்கொண்டு போவார்கள். வெட்கக்கேடுதான், ஆனால் அந்த ஆணி காலியாகிவிடும். அதற்குப் பிறகு அவனால் என்ன சாக்குச் சொல்ல முடியும்? அவன் வயரை முறுக்க முறுக்க, நான் மனதுக்குள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன்.

ரோசிட்சா மறுபடி போன் பண்ணினாள். "பூ ஞாயிறுக்கு மறுநாள் திங்கக்கெழம கண்டிப்பா சொல்லிடு தெமெ. அதுக்கப்புறம் வேற ஆளப் பாத்துடுவாங்க" என்றாள். திங்கள் சொல்கிறேன் என்றேன். சொல்லப்போகும் வார்த்தையைக்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு எங்களுக்குப் பூ ஞாயிறு. செடி, மரம், பூ பெயர் வைத்தவர்களுக்கெல்லாம் அன்றைக்குப் பெயர்நாள். யாசென் ஒரு மரம், நான் ஒரு பூ. அதனால் எங்கள் வீட்டில் இரட்டைக் கொண்டாட்டம். பெயர்நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை. அழைத்தால்தான் தப்பு. கதவைத் திறந்து வைக்க வேண்டும், வருகிறவர்கள் வருவார்கள், வந்தவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். ஈஸ்டர் நோன்பிலும் அன்றைக்கு மீன் சாப்பிடலாம் என்பதால், தன்யூப் ஆற்றுக் கெண்டையாகப் பெரிதாக ஒன்று வாங்கி, வெங்காயமும் வால்நட்டும் அடைத்து அடுப்பில் வைத்திருந்தேன். கோயிலிலிருந்து கொண்டுவந்த வில்லோக் கிளையைக் கதவில் செருகிவிட்டு, கதவை அகலமாகத் திறந்து வைத்தேன். அவ்வளவு ஆசையாக எந்த வருஷமும் நான் கதவைத் திறந்ததில்லை.

முதலில் கமென் அண்ணா வந்தார், ஸ்பெயின் வெயிலில் கறுத்து, கையில் ஒரு பை ஆரஞ்சோடு. பின்னாலேயே ஸ்தான்கா அக்கா, இத்தாலிக் காபிப் பொட்டலத்தோடு. எங்களைக் கட்டிக்கொண்டு, ஆயுசு நூறு என்று வாழ்த்திவிட்டு, கூடத்துக்குள் போனார்கள். நான் சமையலறை வாசலில் கையில் துணியோடு நின்றுகொண்டேன்.

கமென் அண்ணா மரப்பெட்டியைப் பார்த்தார். கிட்டே போனார். மேலே கையை வைத்துத் தடவினார்.

"இது என்னோடதுல்ல?" என்றார்.

"உங்களோடதுதான் அண்ணா" என்றேன். "உங்க வீட்டத் தொறந்து எடுத்துட்டு வந்துட்டான். பின்னாடி தொங்கறது ஸ்தான்கா அக்காவோடது. நான் அப்பவே கேட்டேன், ஒழுங்கா பதில் சொல்லல. நீங்களே கேளுங்க. எல்லாத்தையும் கழட்டி எடுத்துட்டுப் போங்க, சாவியையும் தந்துடறேன்."

யாசென் சோபாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். கமென் அண்ணா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"என்னம்மா நீ. புத்தாண்டுக்கே போன் பண்ணிக் கேட்டுட்டானே. எடுத்துக்கடா தம்பின்னேன். ஆனா நீங்க ரெண்டு பேரும் ஜெர்மனி போறதா காதுல விழுந்துச்சு, போயிட்டா எங்க வீட்டுக்கு யாருன்னு கேட்டேன். நாங்க எங்கயும் போகல அண்ணா, இங்கதான் இருப்போம்னு சத்தியம் பண்ணான். அப்புறம்தான் எனக்குத் தூக்கமே வந்துச்சு."

"எங்கிட்டயும் அதேதான் சொன்னான்" என்றாள் ஸ்தான்கா அக்கா. "கண்ணு, அந்தப் பொட்டிய வச்சி நான் என்ன பண்ணப்போறேன். நீங்க இருக்கீங்கங்கற தைரியம் போதும் எனக்கு."

ஒத்தக் காசு செலவில்லை என்று ஒரு குளிர்காலம் முழுக்கப் பீற்றிக்கொண்டான். உண்மைதான். ஒவ்வொரு பெட்டிக்கும் அவன் என்னைத்தான் கொடுத்திருக்கிறான். ஸ்பெயினுக்கு ஒரு போன், இரண்டு மரப்பெட்டி. இத்தாலிக்கு ஒரு போன், இரண்டு சின்னப் பெட்டி. என்னிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

"நான் போறேன்" என்றேன். "அவன் சத்தியத்த அவன் காப்பாத்தட்டும். நான் உல்முக்குப் போறேன்."

யாரும் கோபப்படவில்லை. ஸ்தான்கா அக்கா என் கையிலிருந்த துணியை வாங்கி மடித்தாள். "போயி என்ன பண்ணுவ? தெனம் ஒரு கெழவிக்குக் கால் கழுவி விடறேன், அவளுக்கு எம்பேரு வாயில நொழையல, மரியான்னு கூப்பிடறா. நம்ம படிக்கட்டுல ஒரு வெளக்காவது எரியுதுன்னு நெனச்சிக்கிட்டுத்தான் ராத்திரி படுக்கறேன். அது உன் வீட்டு வெளக்குதான் கண்ணு" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சி, "மீன் அடிப்புடிக்குது பாரு" என்றாள்.

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அழுகிறவளை என்ன செய்வது? நான் அடுப்பங்கரைக்குப் போனேன்.

யாசென் பின்னாலேயே வந்தான். தட்டுகளை எடுக்க வந்தவன் மாதிரி அலமாரியைத் திறந்தான்.

"எங்கிட்ட ஏன் கேக்கல?" என்றேன்.

"கேட்டா வேணாம்னு சொல்லுவ."

"அதுக்குத்தான்டா கேக்கறது."

தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். "எனக்கு அங்க போக பயமா இருக்கு, தெமெ. பாஷை தெரியாது. யாராவது ஏதாவது கேட்டா தலைய ஆட்டிட்டு நிக்கணும். இங்கன்னா எது ஒடைஞ்சாலும் எனக்கு ஒட்ட வைக்கத் தெரியும்."

அதை இலையுதிர் காலத்திலேயே சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், ஒருவேளை அவனைத் தேற்றிக் கூட்டிக்கொண்டும் போயிருப்பேன். இப்போது கூடத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து என் வீட்டு விளக்கை நம்பிக்கொண்டிருந்தார்கள். நான் மீனை வெட்டினேன். தலையைக் கமென் அண்ணா தட்டில் வைத்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் என்னைத்தான் நடு இடத்தில் உட்கார வைத்தார்கள். அன்றைக்கு என் பெயர்நாள் அல்லவா. எனக்கு ஒரு பக்கம் கமென் அண்ணா, மறுபக்கம் ஸ்தான்கா அக்கா. யாசென் பொத்தானை அழுத்தினான். டிவியில் ஏதோ காட்டில் மழை. முன்னால் பெய்தது, பக்கத்தில் பெய்தது, பிறகு சரியாக என் பிடரிக்குப் பின்னால் சொட்டத் தொடங்கியது. துணி நனைகிறதே என்று பால்கனிப் பக்கம் திரும்பிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். வெளியே நல்ல வெயில்.

நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம். எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினாலும் மழை இருந்தது, எழுந்திருக்க நினைத்தால் இரண்டு பக்கமும் முழங்கால்கள் இருந்தன. யாசென் நின்றபடியே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு நிற்கும் பையன் மாதிரி. "நல்லாருக்கு" என்றேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடச் சமையலறையின் பின்வாசலில் நின்று ரோசிட்சாவுக்குப் போன் பண்ணினேன். இந்த வருஷம் முடியாது என்றேன். ஏன் என்று கேட்பாள், திட்டுவாள், கிளம்பி வாடி என்று கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்தியிருந்தால் போயிருப்பேன், சத்தியமாகப் போயிருப்பேன்.

அவள் கத்தவில்லை.

"அப்ப நீ அங்கதான் இருப்ப" என்றாள்.

"ஆமா."

"அப்பாடா. தெமெ, தப்பா எடுத்துக்காத, நானே கேக்கணும்னு இருந்தேன். அம்மாவ இங்க கூட்டிக்கிட்டு வந்துடப் போறேன். நீயும் வந்துட்டா எங்க வீட்ட யாரு பாப்பான்னு ஒரே கவலையா இருந்துச்சு. பக்கத்துப் படிக்கட்டுதானே. சாவிய உங்கிட்ட குடுக்கச் சொல்லவா?"

உள்ளேயிருந்து சூப் பொங்குகிற வாசனை வந்தது. யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"குடுக்கச் சொல்லு" என்றேன்.