சிவப்புப் பூட்டு

நாங்கள் மூவரும் லிப்ட் மெக்கானிக்குகள். வருஷத்துக்கு ஒருமுறை, இலை உதிரும் பருவத்தில், சனி ஞாயிறு மலையேறிக் கூடாரம் போடுவோம். நான், கண்ணாடியைக் கழற்றினால் கதவு எது சுவர் எது என்று தெரியாததால் சோடாபுட்டி என்று நாங்கள் கூப்பிடும் நண்பன், என் தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை. அவனைப் பார்த்துக் கட்டிவைத்ததே நான்தான். நல்ல வேலைக்காரன் நல்ல புருஷனாகவும் இருப்பான் என்று நினைத்த மடையன்.

எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. லிப்ட் குழிக்குள் இறங்குபவன் மெயின் சுவிட்சை அணைத்துத் தன் சிவப்புப் பூட்டைப் போடுவான். போட்டவன்தான் திறக்க வேண்டும். மேனேஜரே காலில் விழுந்தாலும் வேறொருவன் கை வைக்கக் கூடாது. வைத்தால் உள்ளே இருப்பவனை அள்ளித்தான் எடுக்க வேண்டும். பூட்டைப் பார்த்ததும் "உள்ள யாரு?" என்று கேட்பது எங்கள் வாயில் ஊறிப்போனது. மலையிலும் குரங்குக்குப் பயந்து, சாப்பாட்டுப் பையை இரும்புக் கயிற்றால் மரத்தோடு கட்டி அந்தப் பூட்டைத்தான் போடுவேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தங்கை போன் செய்தாள். சோடாபுட்டி ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தான். கையில் டீ இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"அண்ணா, என் கை பாத்ரூம்ல வழுக்கி ஒடியல. அவர்தான் முறுக்கினார். பதினோரு மணி பஸ்ல கிளம்பறேன். அவர்கிட்ட சொல்லிடாத."

மாப்பிள்ளை என் பின்னால் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

நுரையைத் துப்பினான். "எறங்க ஒரு மணி நேரம், கார் ஓட்ட ஒரு மணி நேரம். பஸ் ஸ்டாண்டுலயே வச்சு இன்னொரு கையையும் ஒடிக்கிறேன்."

கூடார முளை அடிக்கும் சுத்தியலோடு கிளம்பினான். காரும் அவனுடையது, சாவியும் அவனிடம்.

டீயை அவன் முகத்தில் வீசினேன். சுத்தியல் என் இடது முழங்கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. ஈர இலைகளில் கட்டிப் புரண்டோம். அவன் என் காதைக் கடித்துக் கிழித்தான். கையில் அகப்பட்ட கல்லால் அவன் வாயில் இடித்தேன். இரண்டு பல் தெறித்தன. உண்மையைச் சொல்கிறேன், சுகமாக இருந்தது. மறுபடி இடித்தேன். மூன்றாம் முறை ஓங்கும்போது அவன் கண் செருகிவிட்டது.

உருண்டு மரத்தடிக்கே வந்திருந்தோம். டீ போடும்போது திறந்த பூட்டு அங்கேயே தொங்கியது. மரத்தைச் சுற்றியிருந்த இரும்புக் கயிற்றை அவன் கணுக்காலில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒற்றைக் கையால் பூட்டினேன்.

சோடாபுட்டி குடத்தோடு வந்தபோது மாப்பிள்ளை விழித்துக் காலை உதறிக்கொண்டிருந்தான். "கட்டர எடுத்து வெட்டுடா! இவனுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு! கொன்னுடுவான்!"

சோடாபுட்டி பதறிப்போய்த் தன் டூல்ஸ் பையிலிருந்து கம்பி வெட்டும் கட்டரை எடுத்தான். மண்டியிட்டுக் கயிற்றில் வைத்தான். அப்போதுதான் பூட்டு அவன் கண்ணில் பட்டது. கை நின்றது. என்னைப் பார்த்தான்.

"உள்ள யாரு?"

"என் தங்கச்சி."

அவன் கட்டரைப் பைக்குள் போட்டுவிட்டு, மணி பார்த்தபடி என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"போட்டவன்தான் தொறக்கணும், மாப்ள," என்றான்.