பசி பிறகுதான் வந்தது

1

இந்தக் கதை ஓர் அகராதிச் சொல்லில் தொடங்கியது. லைப்ஸிக்கில், ஜெர்மன்காரர்களுக்கான ஆங்கில அகராதி அலுவலகத்தில் ஹைட்ரூன் எனக்கு எதிர்மேசை. அவளுக்கு வாய்த்த சொல் 'ஸ்டார்வ்'. இன்று அதற்குப் பட்டினியால் வாடுவது, சாவது என்று பொருள். ஆதியில் வெறுமனே சாவதுதான். ஜெர்மனில் அதன் உடன்பிறப்பான 'ஷ்டெர்பன்' இன்றும் அப்படியே இருக்கிறது. ஆங்கிலத்தில் பசி பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

(முதல் வரைவு 'அன்று பனி கொட்டியது' என்று தொடங்கியது. கொட்டவில்லை. அடித்துவிட்டேன்.)

2

அவளுடைய அப்பா ஆல்வின் ரொட்டிக்கடை நடத்தியவர். புற்றுநோய் எலும்புவரை போனபின், உண்ணாமல் செத்துவிடுவதென்று முடிவெடுத்தார். இங்கே அதற்குச் சாவுநோன்பு என்றே பெயர். (வடக்கிருத்தல் என்று எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. இவருக்குப் பகையும் இல்லை, மானப்பிரச்சினையும் இல்லை, வலி மட்டும்தான்.) வாய் வறளாமலிருக்கப் பிடித்த பானத்தை உறையவைத்து உதட்டில் தடவுவார்கள். ஆல்வினுக்கு பியர்.

"பின்னாடி நானே கேட்டாலும் குடுத்துடாதே. கேக்குறது நானில்ல, வயிறு."

"சும்மா இருங்கப்பா."

"சும்மா கிடக்க விடுன்னுதானே சொல்றேன்! சத்தியம் பண்ணுடி."

பண்ணினாள்.

3

எடுத்துக்காட்டு வாக்கியத்தை, சொல்லுக்குப் பொருள் எழுதுபவரே சொந்தமாக எழுத வேண்டும் என்பது எங்கள் அலுவலக வழக்கம். நோன்பு தொடங்கியதும் ஹைட்ரூன் வேலையை அப்பாவின் கட்டிலருகே கொண்டுபோயிருந்தாள். 'கிழவர் பட்டினியால்...' என்று எழுதி நிறுத்தியபோது அப்பா கண் விழித்தார்.

"ஹைடி, உருளைக்கிழங்கு சூப் இருக்கா?"

"நீங்கதானேப்பா வேண்டாம்னீங்க?"

"எப்போ? பசிக்குதும்மா."

வாசலில் நின்ற செவிலி மிர்யாம் மெல்லச் சொன்னாள்: "கேட்டா குடுத்துடணும் மேடம். மறுக்க எனக்கு மனசு வராது."

"மறுக்கச் சொன்னதே அவர்தான்."

"சரி. ஆனா இப்போ கேக்குறது யாரு?"

ஹைட்ரூன் சூப்பைச் சூடாக்கினாள். ஊட்டத்தானா என்று அவளுக்கே தெரியவில்லை.

4

முடிவு ஒன்று: ஊட்டுகிறாள். அவர் தெம்பாகி, மாதக்கணக்கில் வலியில் கத்துகிறார். சத்தியத்தை நினைவுபடுத்திக் கத்துகிறார்.

முடிவு இரண்டு: ஊட்டவில்லை. பசிக்குது, பசிக்குது என்றே அவர்

(இதை என்னால் முடிக்க முடியவில்லை.)

ஹைட்ரூன் என்னிடம் சூப்பைச் சூடாக்கியது வரைதான் சொன்னாள். நான் மேலே கேட்கவில்லை, பயம். அகராதி அச்சாகிவிட்டது. அந்தச் சொல்லுக்கு மட்டும் எடுத்துக்காட்டு வாக்கியம் கிடையாது.

5

சூப் ஆறிக்கொண்டிருக்கிறது. கிழவர் வாயைத் திறந்து காத்திருக்கிறார். கரண்டியை இந்த வரியில் வைத்துவிட்டு நான் போகிறேன். இனி அறையில் இருப்பது நீங்கள்தான்.