டாக்டரம்மாவின் போணி

ஒரு படி வண்டுக்கு ஒரு படி பயற்றின் விலை. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் பயறுக்கடைக்காரர் அந்த விலையைச் சொன்னபோது, எதிரே நின்ற ஆராய்ச்சி மாணவி பேரம் பேசாமல் எண்ணிக் கொடுத்தாள். வண்டு விழுந்த சரக்குதான் வேண்டும் என்று கேட்டு வந்த முதல் ஆள் அவள். எதற்கென்று அவர் கேட்கவில்லை. வாங்க வந்தவரிடம் எதற்கென்று கேட்பது வியாபாரத்துக்கு ஆகாது. அடுத்த வருஷம் அவளையே கல்யாணம் செய்துகொண்டார்.

இப்போது அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, கைப்பேசியை அவள் முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"வந்துச்சா?" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"வருது, டாக்டரம்மா. சிக்னலுக்கும் உன்னை மாதிரியே பிடிவாதம்."

அவள் பட்டம் வாங்கிய அன்று அவர் வைத்த பெயர் அது. அதை நம்பி, கடைக்கு இருமல் மருந்து கேட்டு வந்தவர்களும் உண்டு. பயற்றில் வண்டு விழாமல் காப்பது எப்படி என்பதுதான் அவளுடைய ஆய்வு. அவள் வந்த பிறகு அவர் கிடங்கில் வண்டு அண்டவில்லை. ஆனால் அந்த ஆய்வேடு பல்கலைக்கழக நூலகத்தில் பூட்டிய அலமாரிக்குள் நின்றது. போன வருஷம் போய் எடுத்துப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த இரவல் சீட்டு வெள்ளையாகவே இருந்தது.

"இன்னும் போணி ஆகலைங்க" என்று சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

பழைய ஆய்வேடுகளை நூலகம் இணையத்தில் ஏற்றுகிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று படுக்கையில் விழுந்த பிறகு கேள்விப்பட்டாள். "நம்மளது எப்ப வரும்?" என்று மட்டும் கேட்டாள். முந்தாநாள் அவர் நூலகத்துக்குக் கிளம்பிப் போனார்.

"எவ்வளவு ஆகும்மா?" என்றார் நூலகரிடம்.

"ஒண்ணும் ஆகாதுங்க. இலவசம்."

அவர் எடுத்த பணப்பையை மறுபடியும் மடியில் செருகினார். விலை என்று ஒன்று இருந்தால்தானே பேச முடியும்? இலவசத்தை எங்கே பிடித்து இழுப்பது?

"வருஷ வரிசைப்படி ஏத்துறோம். இவங்க முறை வர ரெண்டு மாசம் ஆகும்."

"ரெண்டு மாசம் தாங்காதும்மா."

"புத்தகம் நல்லாத்தான் இருக்குங்க. இப்பத்தான் பார்த்தேன்."

"புத்தகத்தைச் சொல்லலை."

நூலகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"வரிசையை நான் தொட முடியாதுங்க. ஆனா மத்தியானச் சாப்பாட்டு நேரம் என்னோடது. அதுல நானே ஸ்கேன் பண்றேன். எழுதினவங்க கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வாங்க."

கையெழுத்தோடு ஒரு மூட்டைப் பயறும் கொண்டுபோனார். "தூக்கிட்டுப் போயிடுங்க" என்றார் நூலகர். "உங்க வீட்டம்மா எழுதினதைப் படிச்சதிலிருந்து பயற்றைப் பார்த்தாலே சந்தேகமா இருக்கு."

திரையில் பக்கம் திறந்தது. மேலே அவள் பெயர். மூலையில் சின்னதாக: பார்த்தவர்கள் 2.

"ரெண்டு பேர் பார்த்தாச்சு!"

"யார் யாரு?"

"சரிபார்க்க நூலகர் அம்மா ஒண்ணு. இப்ப நான் ஒண்ணு. ஒரே போன்ல எத்தனை தடவை திறந்தாலும் ஒண்ணாத்தான் எண்ணுமாம்."

"கடையைத் திறந்தவங்களும் கடைக்காரர் வீட்டு ஆளும் வாங்கினா அது வியாபாரமா? நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே?" என்றாள். "சரி, நன்றிப் பக்கத்தைப் படிங்க."

மனப்பாடமாகத் தெரிந்த வரி. ஆனாலும் கண்ணருகே வைத்துப் படித்தார். "வண்டுக்குப் பயற்றின் விலையே வாங்கினாலும், தலைதட்டாமல் கூம்பாக அளந்து கொடுத்த கடைக்காரருக்கு."

"பேரு போடலையே நீ."

"போட்டா எல்லாரும் கூம்பா அளக்கச் சொல்லுவாங்க."

சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, பிறகு அடங்கியது. தூங்கிப்போனாள். சாயங்காலம் மகள் வெந்நீரோடு உள்ளே வந்தபோது, அவர் கையில் அவள் கை ஆறிப்போயிருந்தது. வெளிச்சம் கண்ணில் படக்கூடாதென்று கைப்பேசியைக் கவிழ்த்தே வைத்திருந்தார்.

மறுநாள் எல்லாம் முடிந்து, வாடகை நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நூலகர் விடைபெற வந்தார். எல்லோரிடமும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த கடைக்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"ஏம்மா, நீங்க எத்தனை தடவை திறந்தீங்க?"

நூலகருக்கு முதலில் புரியவில்லை. "அதுங்களா? ஒரு தடவைதான், ஆபீஸ் கம்ப்யூட்டர்ல."

"நீ?"

"நேத்து ராத்திரி ஒரு தடவைப்பா" என்றாள் மகள். "என் போன்ல. அம்மா பேரைப் பார்க்கணும்போல இருந்துச்சு."

வேறு யாருக்கும் அவர்கள் சொல்லியிருக்கவில்லை. அவர் கைப்பேசியை எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், கழற்றிவிட்டும் பார்த்தார். பார்த்தவர்கள் 4.

விரலை மடக்கிப் பார்த்தார். மூன்றுதான் வந்தது. கணக்கு இடித்தது.

நூலகரும் எட்டிப் பார்த்தார். "எந்த ஊர்ல இருந்து பார்த்திருக்காங்க, எதுக்குன்னு விசாரிச்சுச் சொல்லட்டுங்களா?"

"வேண்டாம்மா. வாங்க வந்தவங்ககிட்ட எதுக்குன்னு கேக்கக்கூடாது." வாசல்வரை கூடவே போனார். "உங்க சாப்பாட்டு நேரத்துக்கு நான் எப்படி..." என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் கைகூப்பினார்.

உள்ளே கட்டில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். வெறும் பலகையில், அவள் தலை இருந்த இடத்தில், கைப்பேசியைத் திரை மேலே தெரியும்படி வைத்தார்.

"டாக்டரம்மா" என்றார். "போணி."

வீட்டில் இரண்டு, நூலகத்தில் ஒன்று. வெளியே ஒன்று.