இடப்பக்கம் நீண்ட கை

…இடப்பக்கம் என்கிறது கை, மண்ணோ வலப்பக்கம் என்கிறது, இரண்டில் ஒன்று பொய், மண் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. ஜீப்பின் பானெட்டில் இடது மூலையில் பற்றவைத்த சின்ன இருக்கையில் உட்கார்ந்தபடி, தடம் பார்த்து வழி காட்டுகிற வீசானி அண்ணன் கையை நீட்டியிருக்கிறார், கொஞ்சமும் அவசரமில்லாமல், எப்போதும் நீட்டுவது போலவே. பாதை பிரிகிற இடத்தில், ஈர மணலில், மூன்று விரல் பதிந்த அகலத் தடம், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு, அதன் ஓரமாகவே அதே அச்சில் சாஸர் அளவுக்கு இன்னொன்று, காண்டாமிருகம், தாயும் குட்டியும், தடத்தின் விளிம்பு இன்னும் உதிரவில்லை, போய் ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கிற எனக்கே தெரிகிறது, மண்ணுக்கு மேலேயே தொங்கிக்கொண்டு போகிற மனிதருக்குத் தெரியாதா? காய்ந்த புல்லில் முயல் தாண்டியதை, அதுவும் நொண்டி முயல் என்று சொல்கிற ஆள். பதினோரு வருஷமாக நான் அவர் முகத்தைப் பார்த்ததைவிட முதுகைப் பார்த்ததுதான் அதிகம், அந்த முதுகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் என் கை தானாகத் திருப்பும், ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. அந்தக் கை காண்டாமிருகம் இருக்கிற பக்கத்தை விட்டு விலகுவது இந்த ஒரு வாரத்தில் இது நாலாவது தடவை.

பின்னால் நாலு விருந்தினர். நார்வேக்காரப் பெரியவர், எங்கள் முகாமில் கொடுக்கிற மிருகப் பட்டியலில் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டு வருகிறார், அவர் மனைவி கம்பளிக்குள் பாதித் தூக்கத்தில், கடைசி வரிசையில் தேனிலவு ஜோடி, அவர்களுக்கு மிருகம் எதற்கு, இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் போதும். காலை ஐந்தரைக்கு ஏற்றும்போது சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டேன், மூன்று மணி நேரம்தான், இது மிருகக்காட்சிசாலை இல்லை, ஒன்றுமே தெரியாமலும் திரும்பலாம், மழைக்காலப் புல் உயரம், யானை நின்றாலும் மறைந்துவிடும், வண்டிக்குள் எழுந்து நிற்காதீர்கள், உட்கார்ந்திருக்கிற வரைக்கும் மிருகத்துக்கு நாம் எல்லோரும் சேர்ந்து ஒரு பெரிய பிராணி, எழுந்தால்தான் மனுஷன், கையை வெளியே நீட்டாதீர்கள், போனில் இடம் காட்டுகிற வசதியை அணைத்துவிடுங்கள். ஏன் அணைக்க வேண்டும் என்று பெரியவர் கேட்டார். படம் போட்டால் எந்த இடம் என்று திருடனுக்குத் தெரிந்துவிடும், கொம்புக்காக வருவான் என்றேன். எவ்வளவு கவனமாக இருக்கிறீர்கள் என்றார். கவனம்தான்… போன புதன்கிழமை காய்ந்த மரத்து அணைக்குப் பக்கத்தில் கிழட்டு ஆண் காண்டாமிருகம் முகம் வெட்டப்பட்டுக் கிடந்தது, அதைப் போட்டோ எடுக்கப் போன எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நேராக அணைக்கு வந்திருக்கிறார்கள், சுற்றி அலைந்த தடமே இல்லை. யாரோ உள்ளே இருக்கிறவன் வாயைத் திறந்திருக்கிறான்.

பாதுகாப்புக்குப் பொறுப்பான ஓப்பர்மன் நேற்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. "எனக்கு ஒரு பேர் வேணும், ரிசிமாத்தி. நாளைக்குக் காலைல சவாரி முடிச்சிட்டு வந்து சொல்லு" என்றார். ஒரு பேர் சொன்னால் போதுமாம், மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம், பொய் கண்டுபிடிக்கிற எந்திரம் இருக்கிறதாம். ராத்திரி முழுக்க அந்தப் பேர் என் தொண்டையில் நின்றது, வீசானி ங்கோபேனி, வீசானி ங்கோபேனி… சொல்லிப் பார்த்தால் நாக்கு கூசுகிறது, என் கல்யாணத்தில் பெண்வீட்டுக்குச் சீராகக் கொடுக்கிற மாட்டை இழுத்துக்கொண்டு வந்தவர். ஆனால் புதுப் போன் எங்கிருந்து வந்தது? மகள் அனுப்பினாள் என்கிறார், அந்தப் பெண் வேலையில் சேர்ந்து இரண்டு மாசம்தான் ஆகிறது. முந்தாநாள் விடிவதற்குள் எங்கே போனார்? நான் ஷெட்டுக்கு வந்தபோது பூட்ஸ் முழுக்கப் பனி ஈரம், கையில் ஒரு முள்கிளை, என்னைப் பார்த்ததும் அதை வேலி ஓரம் போட்டுவிட்டு, டயரில் காற்று பார்த்தாயா என்று கேட்டார். காற்றாம். தடம் பார்க்கிறவன் கையில் முள்கிளை இருந்தால் அது தடம் அழிக்க, சின்னக் குழந்தைக்கும் தெரியும். யார் தடத்தை அழித்தார்? வந்தவர்களின் தடத்தையா?

சரி, பார்த்துவிடலாம்… கை இடப்பக்கம் நீண்டிருக்க, நான் வலப்பக்கம் திருப்பினேன். வண்டி குலுங்கியது. அவர் திரும்பிப் பார்த்தார். பதினோரு வருஷத்தில், ஓடுகிற வண்டியில் அவர் திரும்பிப் பார்த்ததே இல்லை, முன்னாலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது என்று எனக்கே பாடம் எடுத்தவர். கோபமில்லை, பயமும் இல்லை, எடை போடுகிற மாதிரி ஒரு பார்வை, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார். மாட்டிக்கொண்டாய் அண்ணே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன். சந்தோஷமாக இல்லை.

இருநூறு அடி தாண்டி வழியோரம் காண்டாமிருகச் சாணக் குவியல். அவை தினமும் ஒரே இடத்தில்தான் போடும். நிறுத்தினேன். வேண்டுமென்றே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, எவ்வளவு நேரமாகியிருக்கும் என்று கேட்டேன். அவர் இறங்கவும் இல்லை, குனியவும் இல்லை, "பழசு. மூணு நாள் இருக்கும்" என்றார். மேலே இளஞ்சூட்டில் ஆவி ஆடுகிறது, சாணவண்டுகள் கல்யாணப் பந்திக்கு முந்துவது போல ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன, மூன்று நாள் பழசில் எந்த வண்டு மெனக்கெடும்? பெரியவர் எட்டிப் பார்த்து, இது காண்டாமிருகத்துடையதா என்று பட்டியலைப் பிரித்தார். ஆமாம், ஆனால் பழசு என்று என் வாய் அவர் பொய்யையே மொழிபெயர்த்தது. இதற்கு மேல் என்ன வேண்டும், நேருக்கு நேர் பொய். இனிப் பேர் சொல்வதில் பாவமில்லை என்று நினைக்கும்போதே, மூன்று பிள்ளைகள், அவர் மனைவியின் சர்க்கரை வியாதி, முகாமிலிருந்து மாதாமாதம் போகிற மருந்து எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. அந்தக் குட்டியும் நிற்கிறது, சாஸர் அளவுக் காலோடு.

அதற்குள் ரேடியோவில், தெற்குப் பக்கம் போயிருக்கிற வண்டியிலிருந்து, ங்காலா, ங்காலா, பெரிய மருலா மரத்துக்குக் கீழே, ரோட்டிலேயே என்று குரல் வந்தது. சிங்கத்தை எங்கள் பாஷையில்தான் சொல்வோம், விருந்தினருக்குப் புரிந்து ஆசைப்பட்டு, போவதற்குள் அது எழுந்துபோனால் முகம் தொங்கிவிடும். காண்டாமிருகத்தை எந்தப் பாஷையிலும் சொல்வதில்லை. அந்தப் பக்கம் விட்டேன். வளைவில் இரண்டு பெண் சிங்கங்கள், வயிறு முட்டத் தின்றுவிட்டு, பாதையை அடைத்துப் படுத்திருந்தன. சிங்கம் பக்கத்தில் என்றால் தடம் பார்க்கிறவர் முன்னிருக்கையில் இருக்கக் கூடாது, உள்ளே வந்துவிட வேண்டும், அது சட்டம். நான் தூரத்திலேயே நிறுத்தினேன், வீசானி அண்ணன் சத்தமில்லாமல் இறங்கி என் இடப்பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். தோளோடு தோள். சலவை சோப்பு வாசனை, அவர் போகிற திருச்சபையில் குடியும் கிடையாது, பொடியும் கிடையாது. வண்டியை மெல்ல நகர்த்தி, அணைத்தேன். பின்னால் கேமராக்கள் கிளிக் கிளிக் என்று ஆரம்பித்தன, தேனிலவு ஜோடிகூட முதல்முறையாக வெளியே பார்த்தது.

"வலப்பக்கம் ஏன் திருப்பினே?" உதடு அசையாமல், எங்கள் பாஷையில், சிங்கத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"நீங்க ஏன்ணே இடப்பக்கம் காட்டினீங்க?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு தம்பி."

சொன்னேன். கத்த முடியாத இடத்தில் கத்துவது எவ்வளவு கஷ்டம், பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாம் சொன்னேன், போன், பூட்ஸ் ஈரம், முள்கிளை, ஆவி பறக்கிற சாணத்துக்கு மூன்று நாள் என்றது. ஒரு சிங்கம் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. பெரியவரின் மனைவி, அவர்கள் சிங்கத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் போல என்று கணவரிடம் கிசுகிசுத்தது கேட்டது.

"முள்கிளை எடுத்தது நான்தான்" என்றார். "தாயும் குட்டியும் போன தடத்தை அழிச்சேன். விடியறதுக்கு முன்னாடி போய் அழிக்கிறேன், நாலு நாளா. உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான்."

"எனக்கா?"

"உனக்குத்தான். உன் மாமனார் கல்லறைக்குக் கல்லு வெச்ச அன்னிக்கு நீ என்ன பேசினேன்னு ஞாபகம் இருக்கா? உனக்கு மருலாப் பழக் கள்ளு உள்ள போனா வாய் காது வரைக்கும் போகும்."

கல்லறைக் கல் திறந்த ஞாயிறு… ஆண் காண்டாமிருகம் செத்ததற்கு மூன்று நாள் முன்னால். பந்தல், சோளக்களி, கோழிக்கால் குழம்பு, பெண்கள் டிரம் டிரம்மாக ஊற வைத்த வருஷத்தின் முதல் கள், மச்சான் ஹசானி என் தோளில் கை போட்டு, இவர்தான் எங்க வீட்டு மாப்பிள்ளை, காட்டுக்கே ராஜா என்று எல்லோரிடமும் காட்டியது, நான் சிரித்தது, சிங்கக் கதை சொன்னது. அதற்குப் பிறகு? அதற்குப் பிறகு வீட்டில் விழித்தேன், தலைவலி. நடுவில் என்ன?

"ஏதோ உளறியிருப்பேன்" என்றேன்.

"அதைத்தான் பார்க்கணும்னு இருந்தேன். உளறினியா, காசுக்கு வித்தியா? அதான் இன்னிக்கு அந்தத் தடத்தை அழிக்காம விட்டு, கையை இடப்பக்கம் காட்டினேன். உளறினவனா இருந்தா எப்பவும் போல என் கையைப் பார்த்துத் திரும்புவான். வித்தவனா இருந்தா அது போற இடத்தைத் தெரிஞ்சுக்க, தடத்தைப் பார்த்துத் திரும்புவான்."

"ஐயோ அண்ணே, நான் உங்களைச் சோதிக்கத்தான்…"

"வித்தவனும் அதைத்தான் சொல்வான்" என்றார், வருத்தமாகத்தான் சொன்னார். "ஓப்பர்மன் என்கிட்டயும் பேர் கேட்டிருக்காரு. சவாரி முடிஞ்சு சொல்றேன்னேன்."

சிங்கம் இரண்டும் சோம்பலாக எழுந்து புல்லுக்குள் போய்விட்டன, ஆஹா என்று பின்னால் மூச்சு விட்டார்கள், அவர் இறங்கித் தன் இருக்கைக்குப் போனார், மறுபடியும் அந்த முதுகு. ஒரு வாரமாக நான் அதை வேவு பார்க்கிறேன் என்று நினைத்திருந்தேன், அதுதான் என்னை வேவு பார்த்திருக்கிறது. வண்டியைக் கிளப்பினேன். உளறினேனா? யாரிடம்? அங்கே இருந்தவர்களெல்லாம் சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார்… இல்லை, ஒருவன், வெள்ளை ஷூ போட்டவன், கல்லறை மண்ணில் நடந்தும் அழுக்குப் படாத ஷூ, ஹசானியோடு வேலை பார்ப்பவன் என்றோ, வேலை தேடுபவன் என்றோ சொன்னார்கள், என் குவளை காலியாகவே விடவில்லை, ஊற்றி ஊற்றி, அண்ணே அண்ணே என்று. அண்ணே, குட்டி போட்டிருக்காமே, நிஜமா? எனக்குத் தெரியாதா என்றேன். பெரிய காடாச்சே, அதை எங்கேன்னு கண்டுபிடிப்பீங்க, பெரிய ஆளுண்ணே நீங்க… அப்புறம் சிவப்பு பிளாஸ்டிக் மேஜை. மேஜையில் கொட்டிய கள், பால் மாதிரி வெள்ளையாக. என் விரல் அதில் தொட்டு, இதுதான் பாதை, இது பிரிகிற இடம், இங்கே காய்ந்த மரம், அதுக்குக் கீழே அணை, விடிஞ்சதும் இங்கேதான் தண்ணிக்கு வரும் என்று… வரைந்தேன். ஆமாம், வரைந்தேன். எதிரே, சாயா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, வீசானி அண்ணன் அந்த மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் கோடு காய்ந்துபோனது, நானும் மறந்துபோனேன். ரேடியோவில் ஒரு தடவைகூட காண்டாமிருகம் என்று சொல்லாதவன், அவ்வளவு கவனமானவன். வெள்ளை ஷூக்காரனைப் பற்றிச் சொன்னால், அவனுக்கு எப்படித் தெரியும் என்பதுதான் ஓப்பர்மனின் அடுத்த கேள்வி, அதற்கு விடையாக இந்தக் காட்டில் ஒரே ஒரு பேர்தான் இருக்கிறது. அவன் வேறு யாரிடமாவது கேட்டிருக்கலாம் இல்லையா, என் கோட்டைப் பார்த்துத்தான் வந்தார்கள் என்று யார் சொன்னது… யாரும் சொல்லவில்லை. என் வயிறுதான் சொல்கிறது.

ரேடியோ கரகரத்தது. "ரிசிமாத்தி, வர எவ்வளவு நேரம் ஆகும்?" ஓப்பர்மன். "இருபது நிமிஷம் சார்" என்றேன். "யோசிச்சியா?" "யோசிச்சேன் சார். ஒரு பேர் இருக்கு, வந்து சொல்றேன்." வாயைத் திறந்து சொல்லிவிட்டேன். முன்னால் இருக்கிற முதுகுக்கும் அது கேட்டிருக்கும். யார் பேரென்று அவர் நினைத்தாரோ, திரும்பவே இல்லை.

பாதை பிரிகிற இடம் மறுபடியும் வந்தது. இந்தப் பக்கம் அணை, அந்தப் பக்கம் முகாம். தடம் அங்கேயே இருந்தது, வெயிலில் விளிம்பு உதிர ஆரம்பித்திருந்தது. கை எழும் என்று காத்திருந்தேன், எழவில்லை, பதினோரு வருஷத்தில் முதல்தடவையாக நானே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார். அணைக்குப் போகிற வழியை விட்டு முகாம் பக்கம் திருப்பினேன், மணலில் இருந்த இரண்டு தடங்களும் அழிகிற மாதிரி சக்கரத்தை நன்றாக ஏற்றி. பெரியவர் பட்டியலோடு முன்னால் குனிந்தார். "இந்தக் காட்டுல காண்டாமிருகம் நிஜமாவே இருக்கா ரிசிமாத்தி? இருந்தா எந்தப் பக்கம்? ஒரு டிக் பாக்கி இருக்கு."

"தெரியாதுங்க ஐயா" என்றேன்.

முன்னால் அந்தத் தோள்கள் கொஞ்சம் இறங்கின. நான் சொன்னதைக் கேட்டா, இல்லை, வண்டி அந்நேரம் பள்ளத்தில் இறங்கியதாலா, தெரியவில்லை.