பேரைப் பறிகொடுத்த கொடி

ஞாயிறு பூசை முடிந்து, பினாங்கு மாதா கோயில் கூடத்தில் ஆண்கள் பக்கம் கைதட்டல் ஓயவில்லை. பெண்கள் பக்கப் பாயில் உட்கார்ந்திருந்த அமலோற்பவத்துக்கு வயிறு எரிந்தது.

பேசியவர் உபதேசியார் சின்னப்பன், அவள் புருஷன். "கொடிமுந்திரித் தோட்டம்னு வேதத்துல படிக்கிறோமே, முந்திரிங்கிறது முதல்ல திராட்சையோட பேரு. நாம வறுத்துத் திங்கிற கொட்டை பின்னால கப்பலேறி வந்து அந்தப் பேரைப் பிடுங்கிக்கிச்சு. நானே தேடிக் கண்டுபிடிச்சேன்!"

பெண்கள் பள்ளியில் தமிழ் சொல்லித்தரும் அவள் பழைய நிகண்டுகளைப் புரட்டிக் கண்டது அது. நேற்று அடுப்படியில் ஆசையாகச் சொன்னபோது, பாதியிலேயே கொட்டாவி விட்டு எழுந்து போனவர் இவர்.

"அப்ப முன்னால 'கொடி' எதுக்கு, உபதேசியாரே?" என்று கேட்டார் சூலியா தெருவில் ரிக்‌ஷா பழுதுபார்க்கும் சவரிநாதர்.

சின்னப்பன் பெண்கள் பக்கம் திரும்பி, "அமலோற்பவம், நீதான் சொல்லேன்" என்று இளித்தார்.

பேரைப் பறிகொடுத்த திராட்சை, தான் யாரென்று காட்டிக்கொள்ளத்தான் கொடியை ஒட்டவைத்துக்கொண்டது. பதில் அவள் நாக்கு நுனியில் நின்றது.

முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். "எனக்கு என்னங்க தெரியும்? கண்டுபிடிச்சவரு நீங்கதானே, நீங்களே சொல்லுங்க."